மூக்கு எழுதிய எண்கள்

என் கணவரின் மூக்கைத் தாண்டிக் கெட்டுப்போன எதுவும் வீட்டுக்குள் நுழைய முடியாது என்று எங்கள் குடும்பம் நம்பியது. இராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த சந்தும் அப்படியே நம்பியது. சமையல் எரிவாயு கசிகிறதோ என்று எந்த வீட்டிலாவது சந்தேகம் எழுந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காசிமேட்டில் மீன் கூடைகளுக்கு நடுவே நடந்துபோகும்போதே எது இன்று கரையேறியது, எது இரண்டு நாளாக ஐஸில் கிடக்கிறது என்று அவர் பிரித்துவிடுவார் என்பார்கள். என் மாமியார் இதை மாதா கொடுத்த வரமென்றே கருதினார். "எம்புள்ள மூக்குல ஒரு சம்மனசு குந்திகினு கீது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார்.

நானும் நம்பினேன். என் நம்பிக்கையில் சம்மனசு என்ற தேவதூதருக்கு இடமில்லை. நான் அந்த மூக்கை அளந்து பார்த்திருந்தேன்.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையில், பெயின்ட்டுக்கும் பசைக்கும் வேண்டிய எமல்ஷன் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் ஆய்வுக்கூட வேதியியலாளராக இருந்தேன். அவர் ரியாக்டர் கலன்கள் இருக்கும் தளத்தில் ஆபரேட்டர். அங்கே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மோனோமர் என்பவை சிறிய மூலக்கூறுகள். நீரில் கலக்கிச் சூடேற்றினால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலிகளாகின்றன. பால்போல் வெண்மையான திரவம் கிடைக்கிறது. சங்கிலியில் சேர்ந்துவிட்டவற்றுக்கு மணம் இல்லை. சேராமல் தங்கிவிட்டவைதாம் நாறும், கண்ணை எரிக்கும், தொண்டையைப் பிடிக்கும். இரண்டு வகை மோனோமர்களை ஒன்றாகப் போட்டால் அவை ஒரே வேகத்தில் செலவாவதும் இல்லை. வளரும் சங்கிலியின் நுனி அடுத்ததாகத் தன் இனத்தை நாடுமா, வேற்றினத்தை நாடுமா என்பது ஒவ்வொரு இணைக்கும் வேறுபடும். அந்த நாட்டத்தின் அளவைத்தான் நாங்கள் வினைத்திறன் என்கிறோம். எங்கள் கலவையில் அக்ரிலேட் முந்திக்கொள்ளும், வினைல் அசிடேட் பின்தங்கும். பின்தங்கியது தீரும்வரை, எல்லாவற்றையும் ஊற்றி முடித்த பிறகும், ரியாக்டரை மூன்று மணி நேரம் சூட்டிலேயே வைத்துக் காத்திருக்க வேண்டும்.

அரை மணிக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, எஞ்சிய மோனோமர் எவ்வளவு என்பதை ஜி.சி. என்ற கருவியில் அளந்து அந்தத் தயாரிப்புக்குரிய பேட்ச் ஷீட்டில் எழுதவேண்டும் என்பது விதி. அந்தக் கருவி ஆண்டின் பெரும்பகுதி பழுதாகிக் கிடந்தது. ஆகவே தளத்தில் ஒரு பழக்கம் வேரூன்றியது. வடிதாளை விரல் அகலக் கீற்றாகக் கிழித்து, எமல்ஷனில் நனைத்து, இரண்டு முறை உதறி, மூக்கருகே கொண்டுபோய் அவர் ஓர் எண்ணைச் சொல்வார். அதற்கு மூக்கு நம்பர் என்று பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டு அருவருத்தேன். நச்சுத் திரவத்தை ஒரு மனிதன் முகர்ந்து பார்ப்பதும், அதை விஞ்ஞானம் என்று தாளில் எழுதுவதும் எனக்கு ஒவ்வவில்லை. கருவி பழுது பார்க்கப்பட்ட ஒரு வாரத்தில் அவரைச் சோதிக்கத் துணிந்தேன்.

"இன்னா மேடம், மிசினு எய்ந்துகிச்சா?"

"எழுந்திரிச்சாச்சு. முதல்ல நீங்க சொல்லுங்க. அப்புறம் நான் மெஷின்ல போடுறேன்."

கீற்றை உதறினார். கண்ணை மூடவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. "பாயிண்ட் நாலு."

கருவி பாயிண்ட் நாலு ஒன்று என்று சொன்னது. அவர் தாளை எட்டிப் பார்த்தார்.

"அந்த ஒண்ணு எங்கேந்து வந்துச்சி? உன் மிசினுக்கு ஜல்ப்பு புட்ச்சிகினு கீது மேடம்."

ஈராண்டுகள் இப்படி எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு தேவாலயத்தில் எங்கள் திருமணம் நடந்தது. வீட்டிலும் அவர் என்னை மேடம் என்றே அழைத்தார், பாதி கேலியாக, பாதி பழக்கத்தால். அவருடைய சீருடையைத் தனி வாளியில் ஊறவைப்பேன். அழுகிய பழத்தின் இனிப்பும் நெருப்பின் காரமும் கலந்த அந்த நெடி துணியிலிருந்து எளிதில் போகாது. முதல் நீரைக் கொட்டும்போது ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அத்தை அதைக் கண்டு சிரிப்பார். நிரந்தர வேலையின் வாசனை அப்படித்தான் இருக்கும் என்பார்.

வெளியிலிருந்து தணிக்கைக்கு வருவோர் கேள்வி கேட்பார்கள் என்பதால், மூக்கு நம்பருக்கு எதிரேயும் 'ஜி.சி.' என்றே எழுதிவைக்கும் வழக்கம் எனக்கு முன்பே அங்கு இருந்தது. எல்லோரும் எழுதினார்கள். நானும் கையெழுத்திட்டேன். எண் சரியாக இருக்கும்போது அதை அளந்தது இரும்பாய் இருந்தாலென்ன, சதையாய் இருந்தாலென்ன என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஊரையே வீட்டுக்குள் அடைத்த தொற்றுக் காலத்தில் அவருக்கும் காய்ச்சல் வந்து, பத்து நாளில் எழுந்து, வேலைக்குத் திரும்பினார். சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும் வழியில் கானாங்கத்தை மீன் வாங்கிவந்தார். பையைத் திறந்த அத்தை இரண்டடி பின்வாங்கினார்.

"டேய், இன்னாடா இது? மீன வாங்கினு வந்தியா, பொணத்த வாங்கினு வந்தியா? தே பாரு, செவுளு கருத்துகீது. வூடு பூரா நாறுது."

"ஏமாத்திட்டான்மா அந்தாளு."

"உன்னிய ஏமாத்த இன்னும் ஒருத்தன் பொறக்கலன்னு ஊரு பூரா பீத்திகினு கீறேன் நானு."

அவர் சத்தமாகச் சிரித்தார். தேவைக்கு மேல் நீண்ட சிரிப்பு. பிறகு அந்த மீனை எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போடுவதற்காகச் செய்தித்தாளில் சுற்றினார். நானும் அத்தையும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தோம். குடலிலிருந்து நீர் வடிந்து அவர் கையில் ஓடியது. அவர் முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை.

அடுத்த ஞாயிறு அத்தை பூசைக்குப் போயிருந்தபோது நான் அவர் முன் மூன்று கீற்றுகளை வைத்தேன். ஒன்றில் வினிகர், ஒன்றில் கிராம்புத் தைலம், ஒன்றில் வெறும் தண்ணீர். நாயைச் சோதிப்பவளைப்போல் உட்கார்ந்திருந்தேன். என்னுடைய அந்த உருவத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அவர் கீற்றுகளைத் தொடவேயில்லை.

"கண்டுபுட்ச்சிட்டியா மேடம்?"

"எப்பலேந்து?"

"காய்ச்சலுக்கு அப்பறமான்னா, ஆமா. அதுக்கு முன்னாடியேவான்னாலும் ஆமாதான். இம்மாம் வருசம் அத்தயே மோந்துகினு இருந்தேன்ல, கொஞ்சம் கொஞ்சமா போய்கினு இருந்துச்சி. மிச்சத்த காய்ச்சல் வாரினு போச்சி."

"அப்ப ஷீட்ல என்ன எழுதறீங்க?"

"ஞாபகத்துல கீறத எய்துறேன். மொத அரமணிக்கு இவ்ளோ இருக்கும், அடுத்த அரமணிக்கு அவ்ளோ. இதுவரிக்கும் தப்பு வர்ல."

"மேல சொல்லணும்ங்க."

"சொன்னா? மூக்கு போனவன ரியாக்டர்ல வெச்சிப்பானா? கேட்ல குந்த வெப்பான்." எழுந்துபோய்ச் சாளரத்தைத் திறந்தார். "வேலைய வுடு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

நான் சொல்லவில்லை. பழைய கலவைகளில் மூன்று மணி நேரக் காத்திருப்பே பெரிய பாதுகாப்பு. எண் பொய்யாக இருந்தாலும் உள்ளே இருப்பது தீர்ந்துவிடும். யாருக்கும் தீங்கில்லை என்று நினைத்தேன். அவருக்கு அந்தத் தளத்தில் இருந்த மரியாதை ஒன்றுதான், அதை நான் பறிக்கவேண்டாம் என்றும் நினைத்தேன். இரண்டாவது காரணம்தான் முதலாவதை உண்டாக்கியது என்பது எனக்கு அப்போதே தெரியும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார். நகரின் தென்கோடியில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர், நாற்பதை நெருங்கிய பெண், கோவைப் பக்கத்துப் பேச்சு. எந்தெந்த மோனோமர் எவ்வளவு வேகமாகச் சங்கிலியில் சேரும் என்பதை மெஷின் லேர்னிங் வழியாக, அதாவது பழைய அளவுகளிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் முறையில், முன்கூட்டியே கணிக்கும் மாடல் ஒன்றை எங்கள் நிர்வாகத்துக்காக உருவாக்கித் தரப்போவதாகச் சொன்னார்.

"மூலக்கூறோட அமைப்பக் குடுத்தாப் போதுங்க, அது எதோட எப்படிச் சேரும்னு மாடல் சொல்லிரும். புஸ்தகத்துல இருக்கற எண்ணெல்லாம் சின்னக் கண்ணாடிக் குடுவையில எடுத்ததுங்க. நெசமான ரியாக்டர் உங்க பேட்ச் ஷீட்லதான் இருக்குது. எனக்கு அதுதாங்க தங்கம்."

பழைய ஷீட்டுகளைக் கணினியில் ஏற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. பழுப்பேறிய தாள்கள், பல பக்கங்களில் எமல்ஷன் சிந்தி உலர்ந்த தோல், புரட்டும்போது விரலில் செதில்செதிலாக ஒட்டும். அவர் அனுப்பிய அட்டவணையில் எண்ணுக்கு அடுத்து ஒரு பத்தி இருந்தது. அதன் தலைப்பு: எப்படி அளக்கப்பட்டது. அந்தப் பத்தியை அவர் நேர்மையாகக் கேட்டிருந்தார். நான் முதல் கட்டத்தில் 'ஜி.சி.' என்று தட்டினேன். பிறகு சுட்டியைப் பிடித்துக் கடைசி வரிசைவரை இழுத்தேன். பல்லாயிரம் கட்டங்கள் ஒரு நொடியில் நிரம்பின.

சில வாரங்கள் கழித்து அவர் தொலைபேசியில் கேட்டார். "கடைசி வருசங்கள் மட்டும் ரொம்பச் சுத்தமா இருக்குதுங்களே. ஏற்ற இறக்கமே இல்ல. கருவிய மாத்துனீங்களா?"

"ஆமாம்" என்றேன்.

அந்த ஆண்டுகளில் நிர்வாகம் கலவையைப் பலமுறை சிறிது சிறிதாக மாற்றியிருந்தது. ஓர் அக்ரிலேட்டுக்குப் பதில் இன்னொன்று, அளவில் ஒரு கூட்டல், ஒரு குறைப்பு. உண்மையில் அளந்திருந்தால் எஞ்சிய மோனோமரின் எண்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேறுவிதமாக இறங்கியிருக்கும். என் கணவர் ஞாபகத்திலிருந்து எழுதினார்; ஆகவே எல்லாம் ஒரே மாதிரி இறங்கின. எந்த மோனோமரைப் போட்டாலும் எதுவும் மாறாது என்ற பாடத்தை அவருடைய அச்சம் அந்த மாடலுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. மாடல் அதை நல்ல மாணவியைப்போல் கற்றது. புதிய, வேறுவகை அக்ரிலேட் ஒன்றைக் கலந்தால்கூட எல்லாம் விரைவில் தீர்ந்துவிடும், ஒன்றேகால் மணி நேரக் காத்திருப்பே போதும் என்று கணித்தது.

மேலாளர் மகிழ்ந்தார். ஜி.சி. கருவியைப் பழுது பார்க்கும்படி நான் கொடுத்திருந்த விண்ணப்பத்தை என் மேசையிலேயே திருப்பி வைத்தார். "இனிமே எதுக்கு மேடம் அளக்கணும்? மாடலே சொல்லிடுதே. உங்க வீட்டுக்காரர் மூக்கையே கம்ப்யூட்டருக்குள்ள போட்டாச்சு."

அந்த வாக்கியம் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. அதற்கு ஒரு விழாவே எடுத்தார். உணவுக்கூடத்தில் மேடை, சமோசா, சால்வை. அத்தையையும் அழைத்துவந்து முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். என் கணவரின் கழுத்தில் ரோஜா மாலை விழுந்தது. பிறகு மேலாளர் ஒலிவாங்கியில் ஒரு விளையாட்டை அறிவித்தார். இரண்டு கீற்றுகள், ஒன்று வேலை முடிந்த எமல்ஷன், ஒன்று பாதியில் எடுத்தது. எது எது என்று நம் மூக்கு மன்னர் சொல்லவேண்டும்.

கீற்றுகளை நனைத்துத் தரும் வேலை என்னுடையது. ஒருவேளை அதை நான் மறுத்திருக்கலாம். அவர் மேடையில் இரண்டையும் மாறி மாறி முகர்ந்தார். கூட்டம் சிரித்தது, கைதட்டியது. இடக்கையில் இருந்ததிலிருந்து எழுந்த நெடி நான் நின்ற இடத்திலேயே என் தொண்டையை அறுத்தது. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. நான் என்ன செய்தாலும் ஏற்றுக்கொள்ளும் பொறுமைதான் இருந்தது. நான் என் இடக் காதுத் தோட்டைத் தொட்டேன்.

"இது இன்னும் வேகல" என்று அவர் இடக்கையை உயர்த்தினார்.

கூடம் அதிர்ந்தது. அத்தை சிலுவை வரைந்துகொண்டார். மாலையின் ரோஜா, சமோசாவின் பழைய எண்ணெய், நனைந்த கீற்று எல்லாம் ஒரே காற்றாகி என்னை மூழ்கடித்தன. கழிப்பறைக்குப் போய் வாந்தியெடுத்தேன். மனைவிக்கு ஆனந்தத்தில் மயக்கம் என்று அறிவித்தார்களாம்.

புதிய கலவை ஓடத் தொடங்கியது. ரியாக்டரிலிருந்து எமல்ஷன் குழாய் வழியே நிரப்பும் கூடத்துக்கு வரும். அங்கே ஒப்பந்தப் பெண்கள் அதை டிரம்களில் பிடித்து மூடுவார்கள். பெரும்பாலும் கத்திவாக்கம், முகத்துவாரக்குப்பம் பக்கத்துப் பெண்கள். கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும் படிந்து இறால் அருகியபின் வீட்டு ஆண்களின் வலை காயத் தொடங்கியது. இவர்கள் டிரம் நிரப்ப வந்தார்கள். இரண்டாம் வாரத்திலேயே அவர்கள் கண்கள் சிவந்தன. ஈரத்துணியை வாயில் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். மேலாளரிடம் முறையிட்டார்கள்.

நிர்வாகம் பதில் கண்டுபிடித்தது. எமல்ஷனில் எலுமிச்சை மணம் கலந்தார்கள். டிரம் நிரம்பியதும் ஒரு குவளை மஞ்சள் திரவத்தை மேலே ஊற்றிக் கலக்கவேண்டும், அவ்வளவுதான். நாற்றம் போகவில்லை, அதன்மேல் எலுமிச்சை ஏறி உட்கார்ந்துகொண்டது. அழுகியதற்குச் சீவிச் சிங்காரித்துப் பூ வைத்ததுபோன்ற அந்தக் கலவை வாடையை என் வாழ்நாளில் நான் சந்தித்த எதனோடும் ஒப்பிட முடியவில்லை. இன்றுவரை எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் வாங்குவதில்லை.

ஒருநாள் காலை பத்து மணியளவில் நான் மாதிரிக் குப்பிகளோடு அந்தக் கூடத்துக்குப் போனேன். என் கணவரும் டிரம் எண்களைச் சரிபார்க்க வந்திருந்தார். பெண்கள் இருமிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எலுமிச்ச சோறு ரெடி, எல போடுங்கடி."

"ஊறுகா எங்கடி?"

"அதான் மேனேசர் மூஞ்சி கீதே, தொட்டுக்க."

வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருத்தி, அவர்களில் மூத்தவள், சிரிக்கவில்லை. என் கணவரைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"நைனா, இப்டி வா. கண்ணு எரியுதுன்னா எவனும் நம்ப மாட்றான். நீ பெரிய மூக்கு, உனுக்கு சால்வ எல்லாம் போட்டாங்கோ. இந்த டிரம்ம கொஞ்சம் மோந்து பாத்து சொல்லு."

அவர் குனிந்தார். ஆழ்ந்து மூச்சிழுத்தார். எப்போதும்போல் முகம் அசையவில்லை.

"நல்லாத்தான கீது. எலுமிச்ச வாசன சும்மா தூக்குது."

அவள் கையிலிருந்த மஞ்சள் குவளையை உயர்த்திக் காட்டினாள். அது நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தது.

"இதுல இன்னும் எலுமிச்ச ஊத்தவே இல்ல நைனா."

யாரோ ஓர் இளம்பெண் களுக்கென்று சிரித்தாள். "மூக்கு மன்னனுக்கு மூக்கே இல்லியாடி!"

"சிரிக்காத, கம்னு இரு. அந்தாளு கண்ண பாரு. நம்மள விட செவந்துகீது." அவள் குவளையைக் கீழே வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "யக்கா, உனுக்கு மூக்கு கீதுல்ல? நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

என் கணவரின் கண்களை அப்போதுதான் பார்த்தேன். தினமும் காலையில் பார்க்கிற கண்கள். நெடி எச்சரிக்காத மனிதர் எல்லோரையும்விட நெருக்கமாக அதில் நின்றிருக்கிறார். நான் அவருடைய மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு அவருடைய கண்களையும் நுரையீரலையும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அவர் அடுக்களையில் வந்து நின்றார். நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

"மேடம், அந்த கோயமுத்தூரம்மாகிட்ட போயி எல்லாத்தியும் சொல்லிடு."

"உங்களைத்தான் முதல்ல பிடிப்பாங்க. ஒவ்வொரு ஷீட்லயும் உங்க கையெழுத்து இருக்கு."

"கேட்ல குந்துறதுக்கு மூக்கு வோணாம். குந்திக்கிறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அம்மாவுக்கு மட்டும் எப்டி சொல்றதுன்னு தெர்ல."

கூடத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. "அந்த மீனு வாங்கியாந்த அன்னிக்கே எனுக்குத் தெரியும்டா."

என் கணவர் போய் அத்தைமுன் நின்றார். "அப்பறம் ஏம்மா சம்மனசு கிம்மனசுன்னு எல்லார்கிட்டயும் சொல்லினு இருந்த?"

"நிறுத்திகினா நீ இன்னாடா ஆவ?"

ஜி.சி. கருவி எங்களிடம் ஓடவில்லை. ஆகவே மாதிரிகளை அந்த ஆராய்ச்சியாளரின் நிறுவனத்துக்கே கொண்டுபோக வேண்டியிருந்தது. மோனோமர் ஆவியாகாதபடி குளிரில் வைக்கவேண்டும். நிரப்பும் கூடத்தில் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணிடமே கேட்டேன். இறால் வைக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை ஐஸோடு கொண்டுவந்து தந்தாள். கவிச்சி வீசும் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நகரத்தின் மறுகோடி வரை பேருந்தில் போனேன். பக்கத்து இருக்கைக்காரி எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள். பல ஆண்டுகளாக நான் சுமந்தவற்றுள் அதுதான் சுத்தமான வாடை.

ஆராய்ச்சியாளரிடம் முழுவதையும் சொன்னேன்: மூக்கு நம்பர், காய்ச்சல், நான் இழுத்து நிரப்பிய பத்தி, கருவி மாற்றியதாகச் சொன்ன பொய். அவர் அட்டவணையைக் கணினியில் திறந்து அந்தப் பத்தியைக் கடைசிவரை உருட்டினார்.

"அந்தப் பத்திய எதுக்குக் கேட்டேன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க?" என்றார் கடைசியில்.

"தெரியும்."

அவ்வளவுதான் கேட்டார். மாதிரிகளை ஓட்டினார். மாடல் தீர்ந்துவிடும் என்று சொன்ன இடத்தில், தீராமல், பழைய கலவைகளில் ஒருபோதும் பார்த்திராத அளவுக்கு மோனோமர் எஞ்சியிருந்தது. முகர்ந்து எழுதிய ஆண்டுகளைத் தனியாகக் குறித்து, ஞாபகத்திலிருந்து எழுதிய ஆண்டுகளை நீக்கி, மாடலை மறுபடியும் பயிற்றுவித்தார். புதிய அக்ரிலேட்டோடு வினைல் அசிடேட் முன்னைவிட மெதுவாகத்தான் சேரும், மூன்று மணி நேரம்கூடப் போதாது என்று அது இப்போது சொன்னது.

மேலாளரின் அறையில் அவரும் ஆராய்ச்சியாளரும் நாங்கள் இருவருமாக நால்வர் உட்கார்ந்தோம். என் கணவர் தானே எல்லாவற்றையும் சொன்னார். மேலாளர் கேட்டு முடித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். பெண்களின் கண்களைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"சால்வை போட்ட ஃபோட்டோ தலைமை அலுவலகத்துக்கே போயிடுச்சே" என்றார். பிறகு ஆராய்ச்சியாளர் பக்கம் குனிந்தார். "அந்த வரிசைகளை மட்டும் எடுத்துட்டு, ரிசல்ட் மாறாத மாதிரி ஏதாவது பண்ண முடியாதா மேடம்?"

"முடியாதுங்க" என்றார் அவர். "அறிக்கைய எழுதி உங்க தலைமைக்கும் அனுப்பிட்டுத்தான் இங்க வந்திருக்கேன்."

மேலாளரை வெறுக்க நான் முயன்றேன். ஆனால் அந்த அறையில் ஒரே சுட்டி இழுப்பில் பல்லாயிரம் கட்டங்களை நிரப்பியவர் அவர் அல்லர்.

புதிய கலவை கைவிடப்பட்டது. மூன்று மணி நேரக் காத்திருப்பு திரும்பியது. புதிய ஜி.சி. கருவியும் வந்தது, இப்போது அரை மணிக்கு ஒருமுறை உண்மையிலேயே அளக்கிறோம். நிரப்பும் கூடத்தில் கண் எரிச்சல் நின்றது. எலுமிச்சை மட்டும் நிற்கவில்லை. வாங்குவோர்க்கு அது பிடித்துவிட்டதாம்.

என் கணவரை அவர் சொன்னபடியே வாயிலில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை வண்டி எண்களைக் குறித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் தந்து ஆய்வுக்கூடத்திலேயே விட்டுவிட்டார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேளையில், குவளையை உயர்த்திக் காட்டிய பெண்ணின் பெயர் பட்டியலில் இல்லை. ஐஸ் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க முகத்துவாரக்குப்பத்துக்குப் போனேன். கரையோரம் உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தாள். கிடைத்தது கைப்பிடி அளவுதான். மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடு யக்கா. பொட்டி உனுக்கே இருக்கட்டும், மறுபடி தேவப்படும்" என்றாள். எள்ளலா, அன்பா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

சென்ற ஆண்டு அத்தை காலமானார். கடைசிவரை, பார்க்க வந்தவர்களிடம் மகனின் மூக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்; என் கணவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது காலையில் பால் பாக்கெட்டைப் பிரித்ததும் அவர் பாத்திரத்தை என் முகத்தருகே நீட்டுகிறார். கெட்டதா இல்லையா என்று நான் முகர்ந்து சொல்கிறேன். இந்த வீட்டில் இப்போது அவரும் நானும் மட்டும் இருக்கிறோம்.